முதல் குளத்து வால்வு

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைக்கு மேலே இருந்த துப்பறியும் அலுவலகத்துக்குப் பவுனம்மாள் வந்து சேர்ந்தபோது புதன்கிழமை காலை பத்து மணி. கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஐயா, சனிக்கிழமைக்குள்ள வீட்டக் காலி பண்ணணுமாம். எம் புருஷன் ஒரு தப்பும் பண்ணல. அத நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

காசிவிஸ்வநாதன் இருபது வருடம் காப்புறுதிக் கம்பெனியில் தீவிபத்துகளை விசாரித்தவர். எதற்கும் பதற மாட்டார். அவருக்கும் சேர்த்துப் பதறுவதற்கு உதவியாளர் சந்திரகலா இருந்தாள்.

பவுனம்மாள் சொன்னது இதுதான். அவள் கணவர் நாகையா, கிள்ளானுக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் கழிவுநீர்க் குளங்களைப் பார்த்துக்கொள்பவர். பழத்தை வேகவைத்துப் பிழிந்தபின் வரும் பழுப்புத் தண்ணீரை வாரக்கணக்கில் குளங்களில் தேக்கிவைத்து, நஞ்சு குறைந்த பிறகே ஆற்றில் விட வேண்டும்; அது சட்டம். திங்கட்கிழமை இரவு நாகையா குடித்துவிட்டு முதல் குளத்தின் வால்வைத் திறந்துவிட்டார் என்று மேனேஜர் விஜயன் ரிப்போர்ட் எழுதிவிட்டார். செவ்வாய் விடிந்தபோது ஆறு முழுக்க மீன் செத்து மிதந்தது. வேலை போயிற்று. வேலை போனால் ஆலை கொடுத்த வீடும் போகும்.

"அவரு குடிப்பாரா?" என்றாள் சந்திரகலா.

"குடிப்பாரு. ஆனா வால்வத் தொடல."

காசிவிஸ்வநாதன் கேட்டது வேறு. "மீன நீங்க கையில எடுத்துப் பாத்தீங்களாம்மா?"

"குழம்புக்கு ஆகும்னு எடுத்தேன் ஐயா. தொட்டா தோல் கையோட உரிஞ்சு வருது. பயந்துபோய் வீசிட்டேன்."

மறுநாள் அவர்கள் போனபோது ஆலை வாசலில் பெரிய பதாகை ஒன்று தொங்கியது. அடுத்த மாதம் அங்கே பனை டீசல் திட்டத்தை அமைச்சர் தொடங்கி வைக்கிறாராம். பெட்ரோலியம் ஒருநாள் தீர்ந்துவிடும், பனையெண்ணெயில் பஸ் ஓட்டலாம், புகை குறையும், காற்று சுத்தமாகும் என்று மலாய் மொழியில் எழுதியிருந்தது. எழுதியவர் ஆற்றுப் பக்கம் போயிருக்க மாட்டார் என்று சந்திரகலா முணுமுணுத்தாள். பழ லோரிகள் வரிசையாக நின்றன. ஆலை இப்போது மூன்று ஷிப்டும் ஓடுகிறதாம்.

செவ்வாய்க் காலையிலிருந்தே குளத்துக்குக் காவல் போட்டிருந்தார்கள். அரசுச் சுற்றுச்சூழல் அதிகாரி ரமணி கூட வந்ததால்தான் உள்ளே விட்டார்கள். முதல் குளத்தின் மேல் கழிவு ஏடு கட்டிக் காய்ந்து கிடந்தது. அதில் புல்கூட முளைத்திருந்தது. வால்வுச் சக்கரத்தில் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. மஞ்சள் நூல் ஒன்று சக்கரத்தின் கம்பிகளையும் பக்கத்துத் தூணையும் சேர்த்து ஏழெட்டுச் சுற்று சுற்றியிருந்தது. காசிவிஸ்வநாதன் குனிந்து அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஆற்றங்கரையோரம் நடந்தார். கொதிகலன் கூடத்துக்குப் பின்னால் ஓரிடத்தில் மட்டும் கரைப்புல் ஓரடி அகலத்துக்கு வெந்து பழுப்பேறிக் கிடந்தது. அதற்கு மேலே புதிதாக வெட்டி மூடிய மண்.

அன்று மத்தியானம் மேனேஜர் அறையில் எல்லாரும் கூடினார்கள். நாகையா கதவோரம் நின்றார்.

"போன ஞாயிறு ஆயுதபூஜை. நீங்க போனீங்களா, மிஸ்டர் விஜயன்?" என்று காசிவிஸ்வநாதன் கேட்டார்.

"கண்டிப்பா. மெஷின் ரூம்ல சாமி கும்பிட்டுட்டு சுண்டல் சாப்பிட்டுத்தான் சுபாங் ஜெயா வீட்டுக்குப் போனேன்."

"மெஷின் ரூமோட நின்னுட்டீங்க. ஆனா அவங்கவங்க கையாளற சாமானுக்கு அவங்கவங்க பூஜை போடுவாங்க. நாகையாவுக்கு அந்த வால்வுதான் ஆயுதம். ஞாயித்துக்கிழமை சந்தனம் வெச்சு, சக்கரத்தையும் தூணையும் சேர்த்து நூல் சுத்தியிருக்காரு. சக்கரம் கால் சுத்து திரும்பினாலே அது அறுந்திருக்கும். இன்னைக்கு வரைக்கும் அறுகல."

"அப்புறமா கட்டியிருக்கலாமே, லா."

"செவ்வாய் காலையிலேயே காவல் போட்டது நீங்கதான். அவரு எப்படிக் கிட்ட போவாரு?"

காசிவிஸ்வநாதன் ஜன்னல் வழியாகக் குளத்துப் பக்கம் கை காட்டினார்.

"குளம் வடிஞ்சிருந்தா மேல கட்டின ஏடு உடைஞ்சு இறங்கியிருக்கும். அதுல புல்லு நிக்குது. அதோட, குளத்துத் தண்ணி ஆறிப்போன தண்ணி. அதுல மீன் மூச்சு முட்டிச் சாகும், தோல் உரியாது. இந்த மீனு வெந்து செத்திருக்கு. கழிவு கொதிக்கக் கொதிக்க ஆலைல இருந்து நேரா ஆத்துக்கு வந்திருக்கு. டீசலுக்கு எண்ணெய் வேணும்னு மூணு ஷிப்ட் ஓட்டறீங்க. அவ்வளவு கழிவக் குளம் தாங்காது. பின்னால ஒரு ரகசியக் குழாய் போட்டீங்க. மண்ணு இன்னும் ஈரமா இருக்கு, தோண்டிப் பாக்கலாமா?"

"வேணாம்," என்றார் விஜயன், தலை நிமிராமல்.

சந்திரகலா பவுனம்மாளின் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்த ஒரு நிமிடம் அவர்கள் ஜெயித்திருந்தார்கள்.

ரமணி போன் பேசப் பக்கத்து அறைக்குப் போனார். நல்ல பிள்ளை, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான். திரும்பி வந்தபோது யாரையும் நேராகப் பார்க்கவில்லை.

"அங்கிள், மேல பேசினேன். பனை டீசல் தொடங்கற வரைக்கும் இந்த ஆலைமேல கை வைக்கக் கூடாதாம். எவ்வளவோ சொன்னேன். திறப்பு விழாவுக்கு வெளிநாட்டுக்காரங்க வராங்களாம்."

"ஆலைய விடுங்க. நாகையா பேரையாச்சும் எடுத்துடுங்க."

"அதுதான் சிக்கல். குளத்துத் தண்ணி இல்லேன்னு எழுதினா, வேற எங்கேருந்து வந்துச்சுன்னு எழுதணும். அத எழுத விட மாட்டாங்க. பழைய ரிப்போர்ட் அப்படியே இருக்கட்டும்ங்கறாங்க. ஐ யம் சாரி, அங்கிள்."

சந்திரகலா கத்தினாள். பத்திரிகைக்குப் போவேன் என்றாள், கோர்ட்டுக்குப் போவேன் என்றாள். ரமணி மறுக்கவில்லை, போங்கள் என்றார். வழக்கு முடிய எத்தனை வருடம் ஆகும், அதுவரை இவர்கள் எங்கே தங்குவார்கள் என்று அவளுக்கே தெரியவில்லை. காசிவிஸ்வநாதனுக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு சரியாகக் கண்டுபிடித்து இவ்வளவு உபயோகமற்றுப் போனது அவர் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

ரிப்போர்ட், கோர்ட் என்று ஓடிய பேச்சு பவுனம்மாளுக்கு முழுதும் விளங்கவில்லை. அவள் மெல்லக் கேட்டாள். "ஐயா, நீங்க சொன்னதுதானே உண்ம?"

"உண்மைதாம்மா. இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப வீட்டக் காலி பண்ண வேணாம்ல?"

காசிவிஸ்வநாதன் விஜயனைப் பார்த்தார். விஜயன்தான் சுவர்க் காலண்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார். அவர் குரலில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது.

"சனிக்கிழமை வேணாம். திங்கக்கிழமை வரைக்கும் இருந்துக்குங்க."

நாகையா கதவோரத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்து, விஜயனைக் கையெடுத்துக் கும்பிட்டார்.