மூன்றாவது ஓட்டை

திருப்போரூரில் புது வீடு கட்டிக் குடிவந்த பிறகும் பிரபாவதிக்கு ஹாலைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கல்யாணம் முடிந்து காலி செய்த மண்டபம் மாதிரி வெறிச்சென்று இருந்தது. ஏதோ ஒரு பத்திரிகையில் சினிமாக்காரர் வீட்டு வரவேற்பறைப் படம் வந்திருந்தது. மூலைக்கு மூலை பழைய பித்தளை. அம்மாக்கள் எவர்சில்வர் கடையில் தூக்கிப் போட்டுவிட்டு வந்த அண்டாக்களை மகள்கள் தேடித் தேடித் திரும்ப வாங்கிக்கொண்டிருந்த 2002ஆம் வருஷம் அது. பிரபாவதி மட்டும் எப்படிச் சும்மா இருப்பாள்?

கணவன் அச்சுதனுக்குக் கல்பாக்கத்தில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால், பத்திரிகைப் படத்தில் இருந்தபடியே ஹால் நடுவில் போட்டிருந்த சோபாவில் மத்தியானம் தூங்குவான். குழந்தை இல்லை. அதைப் பற்றிப் பேசுவதை இருவரும் என்றோ நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு உலகத்தில் இருந்ததெல்லாம் அவன் ஒருத்தன்தான்.

மாமல்லபுரத்தில் பழைய சாமான் விற்கும் காசிநாதனின் கடையில் தவலை, சொம்பு, கூஜா என்று வாங்கி அடுக்கினாள். கடைசியாக ஒரு குடம். கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. பூவாயி.

"கருங்குழி பக்கம் ஒரு வூட்ல எடுத்தது. அந்தம்மாவுக்குப் புள்ள இல்ல. கொள்ளிக்கொடம் தூக்க ஆளே இல்லாம பூட்சு, பாவம். பேரு வோணாம்னா தேச்சுக் குடுக்கறேன்" என்றான் காசிநாதன்.

பெயர் இருந்தால்தானே பழசு என்று தெரியும், அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டாள்.

மண் நிரப்பி, மணி பிளான்ட் நட்டு, குடத்தைச் சோபாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். தண்ணீர் தேங்கி வேர் அழுகியது. லேத் பட்டறையில் காட்டினாள். அடித்தகடு தேய்ந்திருக்கிறது என்று சொல்லி, வயிற்றுப்பக்கம் ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தார்கள். கீழே தட்டு வைத்தாள்.

அன்று மத்தியானம் அச்சுதன் தூங்கிக்கொண்டிருந்தான். சமையலறையிலிருந்து வந்தவள் காலில் ஈரம் பட்டது. சோபாவைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக ஒரு முழு வட்டம். புளி போட்டுத் தேய்த்த பித்தளை வாடை. குடம் வைத்த இடத்தில்தான் இருந்தது. தட்டில் ஈரமே இல்லை.

சரியாகத் துடைக்காமல் போனதற்காக வேலைக்காரி கன்னியம்மாவை மனசுக்குள் திட்டிக்கொண்டே துடைத்தாள். கன்னியம்மா அன்றைக்கு வேலைக்கே வரவில்லை என்பது துடைத்து முடித்த பிறகுதான் உறைத்தது.

சில நாளில் மண் அடைத்து மறுபடி தண்ணீர் தேங்கியது. இன்னொரு ஓட்டை போட்டு வாங்கி வந்தாள்.

அன்று கரண்ட் இல்லை. ஜன்னல் வழியே உப்புக்காற்று வந்துகொண்டிருந்தது. அடுப்படியில் நின்றவளுக்கு ஹாலில் யாரோ நடப்பது கேட்டது.

வெறுங்கால். தோளில் பாரம் சுமக்கிறவர் நடை.

ஓடி வந்தாள். யாருமில்லை. சோபாவைச் சுற்றி இரண்டு வட்டம், அன்று துடைத்த வட்டத்துக்குள் புதிதாக இன்னொன்று.

அச்சுதன் கண் திறக்காமலே கேட்டான். "யாரு சுத்தறது?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் தம்பி வரதன் கூடுவாஞ்சேரியிலிருந்து சாப்பிட வந்தான். அண்ணன் உள்ளே குளித்துக்கொண்டிருந்தான். குடத்தைக் குனிந்து பார்த்த வரதனின் முகம் மாறியது.

"அண்ணி, இன்னா பண்ணி வச்சிருக்கீங்க? அம்மாவுக்கு நான்தானே கொடம் தூக்கினேன். மூணு சுத்து. சுத்துக்கு ஒரு ஓட்டை. மூணாவது முடிஞ்சதும் கொடத்தைப் பின்னால போட்டுட்டுத் திரும்பிப் பார்க்காம வந்துடணும்."

பிரபாவதிக்கு இது தெரியாது. எப்படித் தெரியும்? பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தன் அப்பாவுக்கும் அவள் தெருமுனையோடு நின்றுவிட்டவள்தான்.

நாளைக்கே குடத்தைத் தொலைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். ஆனால் கணவனிடம் காரணத்தைச் சொல்லவில்லை. கட்டினவனைப் பார்த்துச் சாவு என்ற பேச்சை எடுப்பதா? வாயால் சொன்னால் பலித்துவிடுமோ? செடி சரியாக வரவில்லை, குடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன் என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போது அழுதுவிட்டாள்.

அந்த அழுகையை அவன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டான்.

மறுநாள் முருகன் கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, குடத்தை ஏற்றிப் போக ஆட்டோவும் பேசிக்கொண்டு வந்தாள். ஹாலில் டிரில்லிங் மெஷின் கிடந்தது. தரையெல்லாம் பித்தளைத் துகள். அச்சுதன் சோபாவில் சாய்ந்திருந்தான்.

"உனக்குப் பிடிச்ச குடமாச்சே பிரபா. நானே இன்னொரு ஓட்டை போட்டுட்டேன். இனிமே தண்ணி நல்லா வடியும். கொஞ்சம் படுத்துக்கறேன்."

"எழுந்திருங்க."

"ஏன்?"

"எழுந்திருங்கன்னா..."

சொட்டு.

அவன் கால்மாட்டில் விழுந்தது. அடுத்தது ஒரு அடி தள்ளி. பிரபாவதி மண்டியிட்டுப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். அவள் துடைக்கத் துடைக்க ஈரம் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. தலைமாட்டைச் சுற்றி, மறுபக்கம் வந்து, தொடங்கிய இடத்தைத் தொட்டது.

முதுகுக்குப் பின்னால் பித்தளை விழுகிற சத்தம்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தாள். கண் திறந்திருந்தது. மூச்சு இல்லை.

மாரடைப்பு என்றார் டாக்டர். வரதன்தான் குடம் தூக்கினான். சுடுகாட்டிலிருந்து வந்து குளித்தவன், ஈர வேட்டியோடு அவள் எதிரே உட்கார்ந்து தாழ்ந்த குரலில் சொன்னான்.

"அண்ணி, மூணு தடவை கொத்தினாங்க. மூணு ஓட்டையும் விழுந்துச்சு. கொடம் நெறைய தண்ணி. ஒரு சொட்டு வரலை."

"அவருக்குத்தான் ஏற்கெனவே சுத்தியாச்சே" என்றாள் பிரபாவதி.

காரியமெல்லாம் முடிந்து உறவு கலைந்தது. வரதன் அந்தப் பித்தளைக் குடத்தைக் கொண்டுபோய்க் கடலில் போட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டுத்தான் போனான். ஒரு மத்தியானம் அவள் ஹாலில் சோபா கிடந்த இடத்தில் பாயைப் போட்டுப் படுத்திருந்தாள். புளி வாடையில் விழிப்பு வந்தது.

தலைமாட்டில் குடம். மண் இல்லை, செடி இல்லை. கழுத்துவரை தண்ணீர்.

அவள் பயப்படவில்லை. பயப்பட என்ன மிச்சம்? கை நீட்டி வயிற்றைத் தடவினாள். பூவாயி என்ற பெயருக்குக் கீழே பித்தளை வழவழவென்று இருந்தது. ஒரு ஓட்டைகூட இல்லை.

"எனக்கும் ஆளில்லைன்னு தெரிஞ்சுபோச்சா உனக்கு?" என்று கேட்டாள்.

அவள் விரல் இருந்த இடத்தில், உள்ளேயிருந்து யாரோ ஒருமுறை தட்டினார்கள்.