யார் வீட்டு வைன்

சுவருக்கு அந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டி வைக்கும் சத்தம் கேட்டது. காலை நேரத்திலேயே கத்தரீனாளுக்கு வயிறு எரிந்தது. ஓரகத்தி மதலேனம்மாள் மகன் ஜின்சனுக்குச் சட்டை தேய்க்கிறாள். ஜெயிலுக்குக் கொண்டுபோகத்தான். இருந்தாலும், போட்டுக்கொள்ள அவளுக்கு ஒரு பிள்ளை இருக்கிறானே!

கத்தரீனாளின் மகன் ஜோபி கல்லறையில் இருந்தான். கிறிஸ்துமஸ் அன்று ஜின்சன் குடித்துவிட்டு ஓட்டிய ஜீப், மூணாறு போகும் வழியில் உருண்டது. பக்கத்தில் இருந்த ஜோபி போய்விட்டான். ஓட்டியவன் கீறலோடு எழுந்து வந்தான். இன்று நாற்பத்தோராம் நாள் பூசை. அந்த வீட்டு ஆள் ஒருத்தரும் கோயில் படி ஏறக்கூடாது என்று கத்தரீனாள் சொல்லிவிட்டாள். தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்க அவள் பக்கம்தான்.

லயத்துக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு யார் போடும் திராட்சை வைன் ஒசத்தி என்று ஓரகத்திகள் இருவருக்கும் இருபது வருஷப் போட்டி. அன்று ஜின்சன் வந்தபோது, தன் வைன்தான் நன்றாக இருக்கிறது என்று அவன் வாயால் வரும்வரை டம்ளரை நிரப்பிக்கொண்டே இருந்தாள். நாலாவது டம்ளரில் சொன்னான். அப்போது என்ன சந்தோஷப்பட்டாள், பாவி!

வாசலில் மதலேனம்மாள் வந்து நின்றாள். கையில் தேய்த்த சட்டை.

“கோயிலுக்குள்ள வரலக்கா. வெளிய நின்னு செபம் சொல்லிக்கிடவா?”

கத்தரீனாளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

“மதலே... ஒம் மவனுக்கு ஊத்திக் குடுத்தது நாந்தான்டி. எங்க வைன்தான் நல்லாருக்குன்னு சொல்ல வைக்கத்தான்...”

சாபத்துக்காகத் தலை குனிந்து நின்றாள். சாபம் வரவில்லை. மதலேனம்மாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“தெரியும்க்கா. பெரியம்மா வைன்தான் ஒசத்தின்னு வந்து சொன்னான். எனக்குப் பொறுக்கல. இன்னும் ரெண்டு டம்ளர் ஊத்தி, இப்பச் சொல்லுடான்னேன்... அப்புறந்தான் சாவிய எடுத்தான்.”

கையிலிருந்த சட்டையின் மடிப்பை மதலேனம்மாள் நீவிவிட்டாள்.

“போலீசு கேட்டப்ப ஏதோ கடையில குடிச்சேன்னு சொல்லிட்டான். ரெண்டு பேரையும் காட்டிக் குடுக்கலக்கா.”

கத்தரீனாள் அவளை இழுத்து மார்போடு கட்டிக்கொண்டாள். நாற்பது நாளாக ஆளுக்கொரு சுவரில் முட்டி அழுதவர்கள், இப்போது சேர்ந்து அழுதார்கள்.

பூசையில் மதலேனம்மாளை முன் வரிசையில் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். முடிந்ததும் இருவரும் ஜெயிலுக்கு பஸ் ஏறினார்கள். தேய்த்த சட்டையைக் கத்தரீனாள் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். போலீசிடமும் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று வழியில் முடிவானது. எல்லாம் பேசியாயிற்று.

ஆனால் மடியில் இருந்த சட்டையை மட்டும் கத்தரீனாள் கடைசிவரை விடவில்லை. மதலேனம்மாளும் கேட்கவில்லை.