ஒலிநாடா, இதர

டாலிகஞ்ச் கடைகளுக்குப் பின்னால் இருந்த அந்த மரக்கட்டட நூலகத்துக்கு உமா மகேஸ்வரி வந்து சேர்ந்தபோது மழை வலுத்துவிட்டது. குடையை வாசலில் சாய்த்துவிட்டுக் கதவைத் திறந்தாள். விடுமுறை முடிந்து திறந்தால் பழைய தாளின் வாசனைதான் முதலில் முகத்தில் அடிக்கும். அன்றைக்கு, உப்புத் தண்ணீரில் ஊறிய வலையின் நாற்றம் அடித்தது. போர்ட் பிளேயரில் கடல் வாடைக்கா பஞ்சம் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு விளக்கைப் போட்டாள்.

வாசகர்கள் புத்தகம் தேடும் கணினி அவளுக்கு முன்பே விழித்திருந்தது. தேடும் கட்டத்தில் ஒரு பெயர்: ஆரோக்கியசெல்வி. அதற்குக் கீழே, 'முடிவுகள் எதுவும் இல்லை.'

அவள் அவசரமாக அந்தப் பெயரை அழித்தாள்.

கூட வேலை பார்க்கும் வைஜெயந்தி வந்ததும், சனிக்கிழமை கணினியை அணைத்தாயா என்று கேட்டாள். "பந்த் பண்ணிட்டுத்தான் போனேன் அக்கா. பிஜ்லி போயிட்டு வந்தா அது தானா ஆன் ஆயிடுது" என்றாள் வைஜெயந்தி. மின்சாரம் பெயர் தட்டுமா என்று உமா கேட்கவில்லை. கேட்டால், அது யார் பெயர் என்று சொல்லவேண்டி வரும்.

சுனாமிக்கு அடுத்த வருடம் முகாம்களில் தன்னார்வலர்கள் சிலர் மக்களைப் பேசவைத்துக் கேசட்டில் பதிந்தார்கள். அந்தக் கேசட் பெட்டி கைமாறிக் கைமாறி இந்த நூலகத்துக்கு வந்தது. தீவின் ஈரத்தில் ஒட்டுச்சீட்டுகள் உரிந்துபோயிருந்தன. ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, பேசுவது யார், எந்தத் தீவு, எதைப் பற்றி என்று கேட்டு அட்டவணையில் ஏற்றவேண்டும். அப்போதுதான் தேடினால் கிடைக்கும். உமா ஒப்பந்த ஊழியர். வேலை முடிந்ததாக அறிக்கை போனால்தான் ஒப்பந்தம் நீளும். அவள் ஒரு கேசட்டுக்குப் பதிவு போட்டாள். பேசியவர் என்ற இடத்தைக் காலியாக விட்டாள். தலைப்பில் 'ஒலிநாடா, இதர' என்று அடித்தாள். பிறகு அதையே நகலெடுத்துப் பெட்டி முழுவதற்கும் ஒட்டிவிட்டாள். ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. ஒப்பந்தம் நீண்டது. கணினி எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் எழுதாத பெயரைத் தேடிக் கொடுக்காது.

அதன்பிறகுதான் அடைக்கலசாமி வந்தார். கார் நிக்கோபார் தீவில் படகு ஓட்டியவர். மனைவி ஆரோக்கியசெல்வி போய்ச் சேர்ந்து சில வருடமாகியிருந்தது. முகாமில் அவள் பேசியபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். முகம் நினைவிருக்கிறது, குரல் மறந்துகொண்டே வருகிறது, கல்லறைத் திருநாளுக்குள் ஒரு முறை கேட்டுவிட்டால் போதும் என்றார். உமா பெயரைத் தட்டித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "அப்படி ஒண்ணும் இல்லீங்க ஐயா. நல்லா பாத்துட்டேன்."

கோபப்படத் தெரியாத மனிதர். "இன்னொரு தரம் பாரும்மா" என்றார். அவளும் அதே பெயரைத் தட்டினாள். அதே பதில். மறுபடி மறுபடி வந்தார். ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டி அவள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. உண்மையைச் சொல்ல வாய் வரை வந்துவிடும். வேலை போய்விடுமே என்று விழுங்கிக்கொள்வாள்.

மதியம் மார்ட்டின் வந்தான். அடைக்கலசாமியின் தம்பி மகன், படகுத்துறையில் வேலை. நனைந்த சட்டைப்பையிலிருந்து பெரியப்பாவின் நூலக அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"பெரியப்பா போயிட்டாரு அக்கா. நேத்து கல்லறைத் திருநாளுக்கு அவருக்கும் சேத்துத்தான் மெழுகுவத்தி வச்சோம்." அட்டையை அவள் பக்கம் நகர்த்தினான். "கடைசி வரைக்கும் பெரியம்மா குரலத்தான் கேக்கணும்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. ஏக் பார், ஒரே ஒரு தரம், நீங்க தேடிப் பாக்க முடியுமா?"

பார்க்கிறேன், வேலை முடிந்து வா என்று சொல்லி அனுப்பினாள். அவன் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

பின்னறையில் பெட்டியையும் பழைய டேப் ரெக்கார்டரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். யார் யாரோ பேசினார்கள். ஒருவர் பேத்தியின் கொலுசைப் பற்றிச் சொன்னார். ஒருவர் எதுவும் சொல்லாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தார். இத்தனை பேரையும் 'இதர' என்ற ஒரே சொல்லில் கட்டிப் போட்டோமே என்று உமா கூசிப்போனாள். தீவில் சாயங்காலம் சட்டென்று இருட்டிவிடும். ஜன்னல் கறுத்தது. வலை நாற்றம் பின்னறைக்குள்ளும் வந்துவிட்டது.

ஒரு கேசட்டில் யாரோ இருமினார்கள்.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள்.

மறுபடி இருமல் கேட்டது.

எதிரே இருந்த காலி நாற்காலி, யாரோ உட்கார்ந்ததுபோல் முனகியது. அதன் கால்களுக்குக் கீழே தரை நனைந்திருந்தது. கூரை ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்த்தாள். கூரை காய்ந்திருந்தது.

எழுந்து ஓடியிருப்பாள். ஆனால் மார்ட்டின் வந்தால் மறுபடியும் 'இல்லை' என்று சொல்லவேண்டும். கேசட்டை மறுபடி ஓடவிட்டாள். ஒரு பெண்ணின் குரல், தொண்டை கட்டிய, சிரிப்பு கலந்த குரல். "எம் பேரு ஆரோக்கியசெல்வி. இவருக்குப் பேச வராது, நாந்தான் பேசணும். தண்ணி வந்தப்ப இவரு என் தலமுடியப் புடிச்சுக்கிட்டுத் தென்னமரத்துல தொங்குனாரு. விடவே இல்ல." பக்கத்தில் ஒரு ஆண் இருமினார்.

உமா அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசியவர் பெயரை ஏற்றினாள், ஊரை ஏற்றினாள், அட்டவணையைப் புதுப்பித்தாள். தேடினாள். ஒரு முடிவு வந்தது. நாற்காலிக்குக் கீழே தரை காய்ந்திருந்தது. தீர்ந்தது என்று மூச்சு விட்டாள்.

மார்ட்டின் வந்தபோது அவளுக்குத் தைரியமும் திரும்பியிருந்தது, பொய்யும் திரும்பியிருந்தது. "தப்பா வேற அலமாரில போயிருந்துச்சு. இன்னிக்குத்தான் கண்ணுல பட்டுச்சு" என்றாள். அவன் அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னான். அதுதான் அவளைச் சுட்டது.

பெரியம்மா பேசினாள். மார்ட்டின் தலை குனிந்து கேட்டான். பேச்சு முடிந்து இரைச்சல் மட்டும் ஓடியது. உமா நிறுத்தப் போனாள். அவன் வேண்டாம் என்று கை காட்டினான்.

இரைச்சலுக்குள் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. முகாமில், அந்தக் காலத்தில், யார் கணினி வைத்திருந்தார்கள்?

அடுத்து ஒரு பெண் குரல், பணிவாக, தெளிவாக.

"அப்படி ஒண்ணும் இல்லீங்க ஐயா. நல்லா பாத்துட்டேன்."

கொஞ்சம் இடைவெளி. மறுபடி அதே குரல், அதே சொற்கள். மறுபடியும்.

மார்ட்டின் மெதுவாகத் தலையைத் தூக்கினான். "அக்கா, இது உங்க குரல்தான?"

உமா பாய்ந்து ப்ளக்கைப் பிடுங்கினாள். சக்கரங்கள் நின்றன. அறையில் மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

"நான் தேடவே இல்ல மார்ட்டின்" என்றாள். "பெட்டி இங்கதான் இருந்துச்சு. தெரிஞ்சேதான் இல்லன்னு சொன்னேன்."

அவன் கேசட்டை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பியவன், அங்கேயே நின்றுவிட்டான். அவனுக்கும் கேட்டிருக்கிறது. நின்றுபோன டேப் ரெக்கார்டருக்குள்ளிருந்து, கோபமே இல்லாமல்:

"இன்னொரு தரம் பாரும்மா."

வெளிக்கூடத்தில் ஆள் இல்லாத கணினியில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தட்டப்பட்டன. உமா போய்ப் பார்த்தாள். அவள் கேள்வியே படாத ஒரு பெயர்; பெட்டியில் மீதிக் கேசட்டுகள் இன்னும் 'இதர'வாகவே கிடந்தன. முடிவுகள் எதுவும் இல்லை. அது அழிந்தது. அடுத்த பெயர் வரத் தொடங்கியது.