கட்டைவிரலுக்கு அடியில்

"வெறுஞ்சோத்துல எதுக்கு மஞ்சப்பொடி போட்ட?" என்று மனைவியிடம் கேட்டான் சீனிச்சாமி.

சந்திரவல்லி தட்டை வாங்கிப் பார்த்தாள். சோறு வெள்ளையாகத்தான் இருந்தது. மத்தியானத்திலிருந்தே பனிமூட்டம் இறங்கி ஏலச்செடிகளையும் எதிர்வரிசை வீடுகளையும் விழுங்கியிருந்தது. தோட்டத்து ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தும் புகை ஈரத்தோடு சேர்ந்து கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து, சோற்றிலும் போர்வையிலும் அவள் கூந்தலிலும் படிந்துகொண்டிருந்தது.

"வெளையாடாதீங்க மாமா."

"செவுரும் மஞ்சளாத்தான் இருக்கு. பல்பச் சுத்தி வட்டம் கட்டியிருக்கு பாரு. நீயும்தான், கல்யாணப் பொண்ணு கணக்கா இருக்க." சிரிக்கப் பார்த்தான். ஓங்கரிப்புதான் வந்தது.

பக்கத்து வீட்டுக் கருத்தம்மா வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "காமாலைடி. பித்தம் கண்ணுக்கு ஏறிருச்சு."

வல்லி அவன் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். விழி முட்டை ஓடு போல வெள்ளை; மஞ்சளே இல்லை. கருத்தம்மா தன் வீட்டுக்குத் திரும்பினாள்.

போன மாதம் அவன் நெஞ்சு தாறுமாறாக ஓடியபோது போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தாள். கிளம்பும்போது நர்சம்மா ஒரு குட்டி மாத்திரையைக் காட்டிச் சொன்னாள்: "டிஜாக்சின். ஓடுற நெஞ்ச இழுத்துப் பிடிக்கும். உடம்புல தேங்கிக் கூடிப்போச்சுன்னா கண்ணு, வயித்துல கோளாறு காட்டும், அப்புறம் நெஞ்ச ஒரேயடியா நிறுத்திப்புடும். அதனால தெனம் நாடி எண்ணிட்டுக் குடுங்க. அறுபதுக்குக் கீழ போனா குடுக்காதீங்க, வெரசாக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு விரல வச்சு எண்ணுங்கம்மா. கட்டைவிரல் வேணாம்."

ஏன் வேண்டாம் என்று வல்லி கேட்கவில்லை. பின்னால் வரிசை நின்றது.

ஏலக்காய் பறித்துப் பறித்துக் கறை ஏறிக் காய்த்துப்போன விரல்கள் அவளுடையவை. கொதிக்கிற டம்ளரைப் பிடித்தாலும் நுனியில் சூடு தெரியாது. வீட்டுக்கு வந்த அன்று இரண்டு விரலை அவன் மணிக்கட்டில் வைத்தபோது கல்லைத் தொட்டது போல இருந்தது, துடிப்பே தெரியவில்லை. கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். உடனே துடித்தது. அப்பாடா என்றிருந்தது. போனில் நிமிடம் மாறும்வரை எண்ணினாள். அன்றிலிருந்து ஒருநாளும் எழுபதுக்குக் குறையவில்லை. ஒருநாளும் மாத்திரை தவறவில்லை.

இன்றும் எண்ணினாள். எண்பத்தெட்டு. மாத்திரையைக் கொடுத்தாள்.

பொழுது மங்கியது. தகரத்திலிருந்து சொட்டும் தண்ணீர், ஸ்டோர் காற்றாடியின் உறுமல், கரப்பான் ஊரும் சரசரப்பு என்று எல்லாச் சத்தத்துக்கும் நடுவே அவன் மூச்சை மட்டும் தனியே பிரித்துக் கேட்டுக்கொண்டு கட்டிலடியில் உட்கார்ந்திருந்தாள். அவன் பாதங்கள் ஐஸாக இருந்தன. உதடு நாவல்பழம் தின்றவன் உதடு போல இருந்தது.

"வல்லி."

"சொல்லுங்க மாமா."

"படுத்தா நெஞ்சடிக்கிற சத்தம் காதுல கேக்கும்ல. இப்பக் கேக்கவே மாட்டேங்குது."

தலைமாட்டுக்கு ஓடினாள். மணிக்கட்டைப் பற்றினாள். கட்டைவிரலுக்கு அடியில் குதித்தது. நூற்று நான்கு.

கருத்தம்மா திரும்ப வந்தாள். "எங்க வீட்டாளு நாலு பேரக் கூப்புடறேங்கறாரு. கட்டிலோட தூக்கி ரோட்டுக்குக் கொண்டு போயிருவோம். ஏதாவது ஒரு வண்டி வராமலா போகும்?"

வல்லி வாசலைப் பார்த்தாள். மூட்டத்தில் படிகூடத் தெரியவில்லை. சரிவில் கால் வழுக்கினால் கட்டிலோடு பள்ளத்துக்குள் போக வேண்டியதுதான்.

"நாடி நல்லா ஓடுதுக்கா. கொறஞ்சாத்தான் பயமாம். காலையில ஆளேத்த வர்ற அருள்பாண்டி ஜீப்புல போயிக்கிறோம்."

கருத்தம்மா போன பிறகு மறுபடி எண்ணினாள். நூற்றிருபது. அவன் முகத்தைப் பார்க்கப் பார்க்க அது இன்னும் வேகமாக ஓடியது. பழைய ஓட்டம் திரும்பிவிட்டது. இழுத்துப் பிடிக்க வேண்டும். இன்னொரு மாத்திரையைப் பிரித்து அவன் நாக்கில் வைத்தாள். சுடுதண்ணீரோடு விழுங்கினான்.

"எல்லாம் மஞ்சளா..." என்றான்.

அப்புறம் பேசவில்லை.

மூச்சைத் தேடினாள். தகரம் சொட்டியது. காற்றாடி உறுமியது.

அவ்வளவுதான்.

பல்பைச் சுற்றிக்கொண்டிருந்த விட்டில் ஒன்று இறங்கி அவன் திறந்த கண்ணின் மேல் உட்கார்ந்தது. நடந்தது. இமை மூடவில்லை.

பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். கை ஓடைக்கல் போலச் சில்லிட்டிருந்தது. ஆனால் கட்டைவிரலுக்கு அடியில் ஓடியது. எண்ண முடியாத ஓட்டம்.

"ஓடுது மாமா. நல்லா ஓடுது."

தாடை தொங்கியது.

ஓடியது.

எழப் பார்த்தாள். கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்தாள். கட்டைவிரல் இரும்பில் அழுந்தியது.

இரும்பு துடித்தது.

கையை உதறினாள். டம்ளரைப் பற்றி அழுத்தினாள். டம்ளர் துடித்தது. அதே ஓட்டம். அதே குதிப்பு. அவள் நெஞ்சிலும் அதுவே. சுவரில் வைத்து அழுத்தினாள்.

சுவர் துடித்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கருத்தம்மாவின் குரல் கேட்டது. "ஏ வல்லி, நாடி எப்படி இருக்கு?"

வல்லி விரலை எடுக்கவில்லை.

"ஓடுதுக்கா," என்றாள். "நிக்கவே மாட்டேங்குது."