வரட்டுமா?

பாட்டு முடிந்துவிட்டதைக் காட்டும் கோடு ஃபோன் திரையின் வலது ஓரத்தைத் தொட்டு நின்ற பிறகுதான் அந்தக் குரல் கேட்டது. தாமரைச்செல்வி அப்போது முழங்கை வரை நுரையோடு சிங்க்கில் குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேடை மூலையில் இருந்த ஸ்பீக்கரில் பாஞ்சோவின் கடைசித் தந்தி அதிர்ந்து அடங்கி, ஃப்ரிட்ஜின் முனகலும் ஹீட்டர் காற்றின் இரைச்சலும் மட்டும் மிஞ்சியிருந்தன. அந்த அமைதியில், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கும் விருந்தாளி திரும்பிப் பார்த்துக் கேட்பதைப் போல, ஓர் ஆண் குரல்.

"வரட்டுமா?"

"ம், வாங்க," என்றாள் செல்வி, தலையைத் திருப்பாமலே.

குக்கரைக் கவிழ்த்து வைத்தபோதுதான் வீட்டில் ஆண்கள் யாரும் இல்லை என்பது உறைத்தது. சிரித்துவிட்டாள். கரூரில் வளர்ந்தவள். யாராவது அப்படிக் கேட்டால் வாய் தானாகப் பதில் சொல்லிவிடும். கிளம்புகிறவர் போகிறேன் என்று சொல்லக்கூடாது, வரட்டுமா என்றுதான் கேட்க வேண்டும். இருக்கிறவரும் போங்கள் என்று சொல்லக்கூடாது, வாங்க என்றுதான் அனுப்ப வேண்டும். நியூ ஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சருக்கு வந்து இத்தனை வருடமாகியும் அதை அவள் விட்டதில்லை. மகள் ரக்ஷாவுக்கு எட்டு வயது. தமிழ் முழுக்கப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். ஆனால் விருந்தாளிகள் கிளம்பும்போது "பை" சொன்னால் செல்வி விடமாட்டாள். "போயிட்டு வாங்க" என்பது ரக்ஷா நாக்குப் புரளாமல் சொல்லும் ஒரே தமிழ் வாக்கியம். அதைக் கேட்பதற்காகவே சில ஆன்ட்டிகள் வாசலில் நின்று ரெண்டு முறை விடைபெறுவார்கள்.

அந்தப் பாட்டைக் கண்டுபிடித்ததில் செல்விக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. நியூ ஜெர்சியிலும் சான்டா கிளாராவிலும் டெக்சாஸிலும் சிதறிக் கிடக்கும் தமிழர்கள் சிலர் 'காதோரம்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். யாரும் கேட்டிராத இண்டி, ஃபோக், மேத் ராக் இசைக்குழுக்களைத் தேடிப்பிடித்து மற்றவர்களுக்குச் சொல்வதுதான் வேலை. எவ்வளவு குறைவான பேர் கேட்ட குழுவோ, கண்டுபிடித்தவருக்கு அவ்வளவு மரியாதை. செல்வி பல மாதங்களாக ஒன்றும் கொண்டுவரவில்லை. இப்போது விக்கர் டோர் சொசைட்டி என்ற இந்த இசைக்குழு. படம் இல்லை, வாசிப்பவர்களின் பெயர் இல்லை, ஊர் இல்லை. ஒரே ஒரு பாட்டு. மேத் ராக் தாளத்தை எண்ணித்தான் பிடிக்க வேண்டும். இதில் ஏழு தட்டுக்கு ஒரு சுற்று, ஆனால் ஆறு தட்டுதான் விழும். ஏழாவது இடம் காலி. சின்ன வயதில் பாட்டு கற்றுக்கொண்ட செல்வியின் கை அந்தக் காலி இடத்தில் தானாகத் தொடையில் விழுந்து நிரப்பும்.

"கடைசி வரைக்கும் கேளுங்க, முடிஞ்ச அப்புறமும் கேளுங்க," என்று பாட்டோடு குழுவில் குரல் பதிவும் அனுப்பினாள். "அந்த ஆளு என்ன சொல்றாருன்னு எனக்குச் சொல்லுங்க."

குழுவைத் தொடங்கிய கௌசிக் சான்டா கிளாராவிலிருந்து உடனே பதில் அனுப்பினான். "தாயே, எங்க புடிச்ச இவங்கள? ஆபீஸ்ல ஹெட்ஃபோன் மாட்டிக்கினு கேட்டேன். 'வரட்டுமா'ன்னான் பாரு, டீம் மொத்தமும் பாக்க 'வாங்க பாஸ்'னு கத்தித் தொலைச்சேன்."

"எனக்கும் கேட்டுது," என்றார் ஆஸ்டினில் இருக்கும் வெங்கடகிருஷ்ணன். அறுபதைத் தாண்டியவர், குழுவில் மூத்தவர். "நான் 'பை'ன்னுட்டேன்."

"அங்கிள் முழு அமெரிக்கன் ஆயிட்டார், அவரை விடுங்க," என்றான் கௌசிக்.

வேலை நடுவே, தன்னோடு வேலை செய்யும், தமிழ் தெரியாத மேகனுக்கும் செல்வி போட்டுக் காட்டினாள். யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்கள், அவ்வளவுதானே என்றாள் மேகன்.

வீட்டில் அந்தத் தாளம் முதலில் பாத்திரம் கழுவும் மெஷினில் கேட்டது. உள்ளே தண்ணீர் பீய்ச்சும் கை சுழன்று தட்டுகளில் மோதும் வழக்கமான சத்தம்தான், ஆனால் அன்று அது ஆறு முறை மோதி ஒரு இடம் விட்டு மறுபடி ஆறு முறை மோதியது. செல்வியின் விரல்கள் மேடையில் அந்தக் காலி இடத்தைத் தேடி எழுந்தபோது, அவள் தட்டுவதற்கு முன்பே வெளியே, பின்வாசலை ஒட்டிய மர டெக்கில் ஏதோ விழுந்தது. கனமாக, மெதுவாக, குதிகால் முதலில் ஊன்றியதைப் போல. டெக் விளக்கைப் போட்டாள். பனி படிந்த பலகைகள், கவிழ்த்து வைத்த பார்பெக்யூ, அப்பால் அயல்வீட்டு மேப்பிள் மரங்களின் கறுப்பு. மறுநாள் துணி காயவைக்கும் மெஷினில் ஜீன்ஸின் பித்தளைப் பொத்தான் ஆறு முறை தட்டியது. ஏழாவது கராஜிலிருந்து வந்தது. அதற்கடுத்த நாள் குழாய் ஆறு முறை சொட்டியது, ஏழாவது சத்தம் வீட்டுக்குள்ளேயே, கோட் மாட்டும் அலமாரிக்குப் பின்னால். அந்த அலமாரியைத் திறந்தால், குளிரில் நெடுநேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தவரின் கம்பளிக் கோட்டில் இருக்குமே, அந்த ஈர நெடி. அங்கே தொங்கிய கோட்டுகளைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் காய்ந்திருந்தன.

கணவன் சபரியிடம் சொன்னாள். "வீடு குளிர்ல சுருங்குது, செல்வி. இங்க எல்லா வீடும் மரம்தானே," என்றான்.

வெள்ளிக்கிழமை மாலை அஞ்சனா ஃபோனில் கூப்பிட்டாள். கௌசிக்கின் மனைவி. டிசம்பர் என்பதால் ஐந்து மணிக்கே வெளியே இருட்டியிருந்தது. ரக்ஷா சாப்பாட்டு மேஜையில் வீட்டுப்பாடத்தைப் பரப்பி வைத்திருந்தாள்.

"செல்வி, கௌசிக் உன்கிட்ட ஏதாவது பேசினானா?"

"இல்லையே. என்னாச்சு?"

"நேத்து சாயங்காலம் ஷூ ராக் பக்கத்துல நின்னுட்டு 'வரட்டுமா'ன்னான். நான் லேப்டாப்லேந்து தலைய தூக்கல. 'சரி, வா'ன்னுட்டேன். எங்க போறன்னு கூட கேக்கல, செல்வி." அஞ்சனா மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஷூ இருக்கு. ஃபோன் இருக்கு. கார் கராஜ்லயே இருக்கு. போலீஸ் வந்து கேமராவ பாத்தாங்க. அவன் வெளியவே போகலையாம். கதவே திறக்கலையாம்."

செல்வி சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஒரு வாரமா ஏதோ காலடி சத்தம் கேக்குது, காலடி சத்தம் கேக்குதுன்னு சொல்லிண்டே இருந்தான். எனக்கு ஒண்ணுமே கேக்கல, அதனால கிண்டல் பண்ணேன்." அஞ்சனாவின் குரல் தாழ்ந்தது. "இப்போ அவனுக்கு கேக்கறதுக்கு அவன் இல்ல. எனக்கு கேக்குது."

அவள் பேச்சுக்குப் பின்னால், மூவாயிரம் மைலுக்கு அப்பால் இருந்த அந்த வீட்டில் ஏதோ ஒரு ஜன்னல் திரையின் கயிறு சுவரில் ஆடி மோதியது. ஆறு முறை. பிறகு அந்தக் காலடி.

"அஞ்சனா, வீட்ட விட்டு வெளிய போ," என்றாள் செல்வி. இணைப்பு ஏற்கெனவே துண்டிக்கப்பட்டிருந்தது. திரும்பக் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது.

குழுவிலிருந்து பாட்டை அழித்தாள். யாருக்காவது வீட்டில் சத்தம் கேட்கிறதா என்று எழுதினாள். வெங்கடகிருஷ்ணன் மட்டும் பதில் போட்டார். "என் ஹியரிங் எய்ட் விசிலடிக்கறது. வேற ஒண்ணும் இல்லம்மா. ஏன்?"

பை என்று சொன்னவர்.

அப்போதுதான் விளங்கியது. அந்தக் குரல் விடைபெறவில்லை. அது அனுமதி கேட்டது. வரட்டுமா என்று, வார்த்தைக்கு வார்த்தை. அவள் வாங்க என்று சொல்லியிருந்தாள். கௌசிக்கும் சொல்லியிருந்தான். அது அவனிடம் வந்து சேர்ந்ததும், அவன் வாயாலேயே அஞ்சனாவிடம் கேட்டது. செல்வி மேஜையைப் பார்த்தாள். தன் வாயால் அது கேட்பதற்கு இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

சபரியைக் கூப்பிட்டாள். "ட்ரெயின் நடு வழியில நிக்குது, பனி கொட்டுது," என்றான். "வந்துருவேன். வை."

ரக்ஷாவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"கண்ணு, இங்க பாரு. யாராவது 'வரட்டுமா'ன்னு கேட்டா, இனிமே பதில் சொல்லக்கூடாது. ஒண்ணுமே சொல்லக்கூடாது. சரியா?"

"பட் யூ செட் இட்ஸ் ரூட்."

"பரவாயில்ல. ரூடாவே இரு."

"ஈவன் கெஸ்ட்ஸ்?"

"யாரா இருந்தாலும்."

"ஈவன் அப்பா?"

"அப்பா கேட்டாலும்."

ரக்ஷா பென்சிலைக் கீழே வைத்தாள். அம்மாவின் முகத்தையே பார்த்தாள். கீழுதடு லேசாகத் துடித்தது. "ஈவன் யூ? அம்மா, ஆர் யூ கோயிங் சம்வேர்?"

செல்வி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். தலையில் தேங்காய் எண்ணெயும் பள்ளிக்கூடத்துக் க்ரேயான் வாசனையும். "உங்கிட்ட சொல்லாம நான் எங்கயும் போகமாட்டேன், கண்ணு."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

குழந்தையின் பயத்துக்குப் பதில் சொன்னாள். 'ஈவன் யூ?' என்ற கேள்விக்குச் சொல்லவில்லை. அதை உணர்ந்து வாயைத் திறப்பதற்குள் ஹீட்டரின் தகரக் குழாய் சூடேறி விரியத் தொடங்கியது. டக். டக். டக். டக். டக். டக்.

மாடிப் படியின் உச்சியில் ஓர் அடி.

ரக்ஷா நிமிரவே இல்லை. அவளுக்கு அது கேட்கவில்லை.

ஆறு தட்டு. அடுத்த படி. ஈரக் கம்பளியின் நெடி படியிறங்கி வந்தது. ஆறு தட்டு. இன்னொரு படி. செல்வி எழுந்து நின்று படிகளைப் பார்த்தாள். விளக்கு எரிந்தது. படிகளில் யாரும் இல்லை. ஆனால் ஒவ்வோர் அடிக்கும் கம்பளம் அழுந்தியது. மீண்டது. கடைசிப் படியில் அழுந்தியது. மீளவில்லை.

பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

அவளுடைய கீழுதடு மெல்ல உயர்ந்து மேல்பற்களைத் தொட்டது.

அவள் அதை அசைக்கவில்லை. அது தானாக எழுந்தது. 'வ' என்று சொல்ல உதடு எப்படிப் போகுமோ, அப்படி. கடித்தாள். ரத்தம் உப்பாக நாக்கில் பரவியது. உதடு பற்களுக்கிடையே துடித்துக்கொண்டே இருந்தது. தொண்டையில் மூச்சு சேர்ந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இங்கே இருக்கக்கூடாது. குழந்தையின் காதுக்கு எட்டாத இடம். வேறு எதுவும் தோன்றவில்லை.

முன்கதவை முழங்கையால் திறந்தாள். வெறுங்காலோடு பனியில் இறங்கினாள். கதவைச் சாத்தினாள். பூட்டு தானாக விழுந்தது. பிறந்தது முதல் அன்றுதான் ஒரு வீட்டை விட்டு எதுவும் சொல்லாமல் கிளம்பினாள்.

குளிர் உள்ளங்காலில் கத்தியாக ஏறியது. கையை வாயிலிருந்து எடுத்தாள். உதடு அடங்கிக் கிடந்தது. தொண்டை காலி. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், தப்பித்துவிட்டோம் என்று நினைத்தாள். அழுகை வந்தது. சபரி வரும் வரை இங்கேயே நிற்கலாம். கால் மரத்துப் போனாலும் நிற்கலாம்.

தலைக்கு மேல் இருந்த வாசல் விளக்கு எரியவில்லை. பூனை நடந்தாலே எரியும் விளக்கு. ஆள் நின்றால் ஒளிரும் வாசல் கேமராவின் சிறு நீலப் புள்ளியும் எரியவில்லை. கையை அதன் முன்னால் ஆட்டினாள். கீழே பார்த்தாள். கதவிலிருந்து அவள் நிற்கும் இடம் வரை பனி வழவழவென்று கிடந்தது. ஒரு தடம் இல்லை.

கௌசிக் வெளியவே போகலையாம்.

பூட்டின் எண்களை அழுத்தினாள். அழுந்தவில்லை. ஓடினாள். சாப்பாட்டு அறையின் பெரிய ஜன்னல். மஞ்சள் வெளிச்சம். ரக்ஷா. பென்சில். குனிந்த தலை. இரண்டு முழத் தூரம்தான்.

"ரக்ஷா!"

தலை அசையவில்லை.

கண்ணாடியை முஷ்டியால் அடித்தாள். அடித்தாள். அடித்தாள். அடித்தாள். அடித்தாள். அடித்தாள். ஏழாவது அடிக்கு ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. இறங்கவில்லை.

அந்தக் காலி இடத்தில், வீட்டுக்குள்ளிருந்து, வாசலருகே ஷூ ராக் இருக்கும் பக்கத்திலிருந்து, ஒரு குரல் கேட்டது. கொஞ்சம் அவசரமாக, கொஞ்சம் செல்லமாக. அவளுடைய குரல்.

"வரட்டுமா, கண்ணு?"

வேண்டாம். சொல்லாதே. வேண்டாம்.

ரக்ஷா தலையைத் தூக்கினாள். ஜன்னலைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த பயம் கரைந்தது. அம்மா சொன்ன சொல் தவறவில்லை. சொல்லாமல் போகவில்லை. சொல்லிக்கொண்டுதான் போகிறாள். குழந்தை சிரித்தாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் எதுவும் வரவில்லை. தேவையும் இல்லை. அந்த உதடுகள் அந்தச் சொற்களுக்கு எப்படிக் குவியும், எப்படி விரியும் என்று கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

போயிட்டு வாங்க, அம்மா.

ரக்ஷா மறுபடி நோட்டுக்குள் குனிந்தாள். கொஞ்ச நேரம் எழுதினாள். பிறகு அவள் கையிலிருந்த பென்சில் மேஜை விளிம்பில் தட்டத் தொடங்கியது. ஆறு முறை தட்டி நின்றது. ரக்ஷா மெதுவாகத் தலையைத் திருப்பி, மாடிப் படிகளைப் பார்த்தாள்.