டி டிரைவ் வரவில்லை!

செல்போன் அலறியது.

மடைவாயில் மண்வெட்டியோடு நின்ற வளவன் திரையைப் பார்த்தான். மேகலா!

உடனே எடுக்கவில்லை. மூன்று முறை அடிக்கட்டும்… ஒன்றும் தெரியாதவன் அப்படித்தானே எடுப்பான்?

"சொல்லு."

"ஏங்க… உடனே வாங்க… கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ண வந்த புகழேந்தி… விழுந்து கெடக்காருங்க! பேச்சு மூச்சு இல்ல! போலீஸுக்கும் சொல்லியாச்சு…"

"ஐயையோ! என்னடி சொல்றே?"

நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த ஆறு பேருக்கும் கேட்கும்படி கத்தினான். ஆறு பேரும் சாட்சி!

செத்தான்!

வரப்பில் ஓடும்போது வளவனுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டான்.

ஒரு மாதமாக எரிந்த வயிறு அது.

மேகலா வீட்டிலிருந்தபடியே தஞ்சாவூர் ஸ்டுடியோக்களுக்குக் கல்யாண ஆல்பம் வடிவமைப்பவள். படங்கள் எல்லாம் கம்ப்யூட்டரின் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கில், டி டிரைவில். ஒரு மாதமாக, கம்ப்யூட்டரைப் போட்டால் டி மட்டும் வருவதில்லை!

ஒரத்தநாட்டிலிருந்து புகழேந்தி வருவான். "டிஸ்க்க ஓட்டுற டிரைவர் புரோகிராம் லோடு ஆகலக்கா…" என்பான். சரிசெய்வான். மறுநாள் காலை… மறுபடியும் டி இருக்காது!

நான்கு முறை வந்துவிட்டான். நான்கு முறையும் இஞ்சி தட்டிப் போட்ட டீ! வளவனுக்கு வெறும் டீதான்.

அக்காவாம் அக்கா!

அவன் எதையோ சொல்ல, மேகலா வாய்விட்டுச் சிரிப்பாள். ஏழு வருடம் வளவன் சிங்கப்பூரில் கிடந்தானே, அந்தச் சிரிப்பை ஒருநாளாவது போனில் கேட்டிருப்பானா?

இத்தனைக்கும், மனைவி மேல் சந்தேகப்பட்டு ஒரு மாதத்துக்கு முன்பே அவள் அறியாமல் ஒரு வேவு புரோகிராமை அதில் ஏற்றியிருந்தான். கம்ப்யூட்டர் விழித்ததும் அதுவும் விழிக்கும். கேமரா வழியாகப் படம் பிடித்து டி-யில் ஒளித்து வைக்கும். டி-யே வராதபோது எதைப் பார்ப்பது? நடந்ததையெல்லாம் அவனாகவே கற்பனை செய்துகொண்டான். கற்பனை டிரைவர் இல்லாமலே லோடு ஆயிற்று!

நேற்று மேகலா தஞ்சாவூர் போன நேரம் பார்த்து, கொல்லையில் இருக்கும் மோட்டார் கொட்டகையிலிருந்து ஜன்னல் வழியாக ஓர் ஒயர்… கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகுக்கு!

இன்று புகழேந்தியின் பைக் வாசலில் நின்றதும், கொட்டகைக்குள் போய் சுவிட்சைத் தட்டிவிட்டு வயலுக்கு வந்தான். விவசாயி மோட்டார் போடுவதை எவன் சந்தேகப்படுவான்?

வீட்டுக்குள் நுழைந்தான்.

தரையில் ஓர் உருவம். தலை வரை போர்வை. பக்கத்தில் இன்ஸ்பெக்டர் பிரகதீஸ்வரி. சுவரோரம் மேகலா… அழவில்லை. அதிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"எப்படி மேடம் ஆச்சு? நல்ல பையனாச்சே!"

"அதான் பார்க்கிறோம். கம்ப்யூட்டர்ல கேமரா இருக்கே… ஏதாவது பதிவாகியிருக்குமா?"

"வாய்ப்பே இல்லீங்க மேடம்! பதிவு எல்லாம் டி டிரைவுக்குத்தான் போகும். அதான் வரலையே!"

மேகலா நிமிர்ந்தாள்.

"பதிவா? எந்தப் பதிவுங்க?"

வளவன் நாக்கைக் கடித்துக்கொண்ட அந்த நொடியில்…

"டி வந்துடுச்சுண்ணே!"

போர்வைக்குள்ளிருந்து குரல்!

வளவன் பின்னால் இருந்த நாற்காலியில் இடித்துக்கொண்டான். புகழேந்தி எழுந்து உட்கார்ந்தான்!

"நம்ம பக்கம் பாதி வீட்டுல எர்த்தே கெடயாதுண்ணே. அதனால டெஸ்டர் வச்சுப் பார்க்காம எந்தப் பெட்டியவும் தொடமாட்டேன். இன்னிக்கு வச்சேன்… பளிச்சுன்னு எரிஞ்சுது! ஒயரப் புடுங்கிட்டு மேடத்துக்கு போன் பண்ணிட்டேன்."

"நா… நான்…"

"மேடம் வர்ற வரைக்கும் சும்மா இருப்பானேன்னு கம்ப்யூட்டர நோண்டினேன். அப்பத்தான் புரிஞ்சுது. ஸ்டார்ட் ஆகுறப்ப ஹார்ட் டிஸ்க் டிரைவருக்கு முன்னாடி ஒரு வேவு புரோகிராம் ஏறி வழிய மறிச்சுக்குது! வரிசைய மாத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணேன். டி வந்துச்சு. அது வராத நாள்ல புடிச்ச படத்தையெல்லாம் அந்தப் புரோகிராம் சேர்த்து வச்சிருந்துது போல… ஸ்டார்ட் ஆகுறப்பவே டி இருந்ததால, இந்தத் தடவை மொத்தத்தையும் டி-யில கொட்டிருச்சு!"

வளவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். அப்படியானால் இவனை நான்கு முறை வீட்டுக்கு வரவழைத்தது… நானேதானா?

"உங்க வாயாலயே வரட்டும்னு நான்தான் இவரைப் படுக்கச் சொன்னேன்" என்றபடி இன்ஸ்பெக்டர் திரையைத் திருப்பினார்.

நேற்று மதியம் மூன்று மணி. பென் டிரைவில் இருந்த ஆல்பத்தை அனுப்புவதற்காக மேகலா ஓடவிட்டுப் போயிருந்த கம்ப்யூட்டர். அதன் கேமராவுக்கு நேரெதிரே, ஒயரைப் பல்லில் கடித்தபடி… வளவன்!

முந்தைய படங்களிலும் புதிதாக ஒன்றுமில்லை. புகழேந்தி திருகாணி முடுக்குகிறான், மேகலா டீ கொடுக்கிறாள், சிரிக்கிறாள். அவ்வளவுதான்.

"சிரிச்சதுக்கா கொல்லப் பார்த்தீங்க?" மேகலாவின் குரல் உடைந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்க… கேட்டிருந்தா உங்களையும் சிரிக்க வச்சிருப்பேனே!"



கையில் விலங்கு ஏறியது.

"மேடம்…" ஈனஸ்வரத்தில் முனகினான். "யாரும் சாகலையே… சின்ன கேஸ்தானே?"

"கொலை முயற்சிக்கு ஒண்ணு. பொண்டாட்டிய வேவு பார்த்ததுக்கு ஒண்ணு. அப்புறம்…"

ஜன்னலில் தொங்கிய ஒயரைப் பார்த்து இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

"விவசாயத்துக்குக் குடுத்த இலவச கரண்ட்ட வீட்டுக்குள்ள இழுத்ததுக்குத் தனியா ஒண்ணு! நாங்களாவது பாவம் பார்ப்போம்… ஈ.பி.காரங்க விடவே மாட்டாங்க!"