குவைத்துக்குப் போகாத ஆஸிஃபா

அந்த உப்பு வண்டி கொஞ்சம் மெதுவாக வந்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது… ஆனால் ஐப்பசி மழையில் யார் மெதுவாக வருகிறார்கள்?

மரக்காணம் பஸ் நிறுத்தத்தில் இறங்கி ஒதுங்கி நின்றிருந்தாள் ஆஸிஃபா. கையில் ஒரு கடிதம். குயிலாப்பாளையம் வரை போய் வாங்கி வந்தது. பஸ்ஸிலேயே திரும்பத் திரும்பப் படித்தாயிற்று. ஆசை அடங்காமல் இன்னொரு தடவை உறையிலிருந்து எடுத்தாள்… அவ்வளவுதான். மூட்டைகளுக்கு மேல் தார்ப்பாய் கட்டிய ஒரு குட்டியானை லோடு வண்டி சாலைப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. பள்ளத்துத் தண்ணீர் மொத்தமும் அவள் மேல் வந்து விழுந்தது.

துப்பட்டா போனால் போகட்டும். அவள் கடிதத்தைப் பார்த்தாள். பேனா மை நீலமாகக் கரைந்து விரல் வழியே வடிந்துகொண்டிருந்தது.

தாண்டிப் போன வண்டி பின்னோக்கி வந்து நின்றது. ஓட்டி வந்தவன் நனைந்துகொண்டே இறங்கினான். முப்பதைத் தாண்டிய வயது. திட்டு வாங்கத் தயாராக வந்தவன், அவள் கண்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். பெரிய கண்கள்… மழையில் நனைந்த இமைகள்… அதற்குள்ளே இருந்தது கோபம் இல்லை. அழுகை.

"ரொம்ப முக்கியமான பேப்பருங்களா?" என்றான்.

"இது ஒண்ணுதாங்க இருந்துச்சு."

எழுதிக் கொடுத்தவர் அன்று சாயங்காலமே ஊரை விட்டுப் போகிறார், கனடாவில் இருக்கும் மகளோடு தங்கிவிடப் போகிறார் என்பதைத் திக்கித் திக்கிச் சொன்னாள். அவன் வானத்தைப் பார்த்தான், சாலையைப் பார்த்தான். பிறகு இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டான்.

"ஏறுங்க. அவர் கிளம்பறதுக்குள்ள போயிடலாம்."

முன்பின் தெரியாதவன் வண்டி. ஏறலாமா? யோசிக்க நேரமில்லை… ஏறினாள்.

கடற்கரைச் சாலையில் மழை கூடவே வந்தது. இரண்டு பக்கமும் உப்பளங்கள் பாத்தி தெரியாமல் ஏரிபோல் நிறைந்து கிடந்தன. அவன் பெயர் அஸ்லம். அப்பாவின் உப்பளத்தைக் குத்தகைக்கு விடாமல் தானே பார்க்கிறானாம். அதற்கு முன் ஆறு வருடம் வெளிநாடு. எல்லாவற்றையும் அவனாகவே சொன்னான். பிறகு ஓரக்கண்ணால் பார்த்தான்.

"நீங்க மளிகைக்கடை பஷீர் பாய் பொண்ணுதானே? குவைத்துல நர்ஸா இருந்தீங்கன்னு சொல்வாங்க. நானும் அங்கதாங்க இருந்தேன். எந்தப் பக்கம்?"

ஆஸிஃபா ஈரத் துப்பட்டாவின் ஓரத்தைப் பிழிந்தாள். இந்த ஊரில் குவைத்துக்குப் போய் வந்தவன்தானா இவளுக்கு வண்டி ஓட்ட வேண்டும்…

"கடலோரமா ஒரு ஆஸ்பத்திரி," என்றாள்.

"அங்க எல்லாமே கடலோரம்தாங்க," என்று சிரித்தான். "நமக்கு அந்த வெயில்தான் ஒத்துக்கல. உங்களுக்கு எப்படி?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, நினைவு எங்கேயோ இருக்க, அவள் சொல்லிவிட்டாள். "வெயில்கூடத் தாங்கிக்கலாங்க. குளிருதான். காலையில பைப்புல தண்ணி உறைஞ்சு கிடக்கும்."

அவன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

"குவைத்துலயா?" என்றான் அஸ்லம்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் மேற்கொண்டு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது…

குயிலாப்பாளையத்தில் அந்த விடுதி வாசலில் பெட்டிகள் காருக்குள் ஏறிக்கொண்டிருந்தன. வெள்ளை மீசைக்காரர் ஒருவர் குடையோடு நின்றிருந்தார். ராணுவ டாக்டராக இருந்து ஓய்வுபெற்ற கர்னல் குரியன். நனைந்து வந்தவளைப் பார்த்ததும் மலையாளம் கலந்த தமிழில், "என்ன கேப்டன், மறுபடியும் பனிச்சரிவா?" என்றார்.

அஸ்லம் திரும்பிப் பார்த்தான். அங்கே இருந்த கேப்டன் ஆஸிஃபா ஒருத்திதான்.

கர்னல் பெட்டியின் மேலேயே காகிதத்தை வைத்து மறுபடி எழுதினார். இந்த முறை பால்பாயிண்ட் பேனா. எழுதிக்கொண்டே அஸ்லமிடம் சொன்னார்: லடாக்கில் தன் ஆஸ்பத்திரியில் ராணுவ நர்ஸிங் அதிகாரியாக இந்தப் பெண் இரண்டு குளிர்காலம் இருந்தாள். பனிச்சரிவில் சிக்கிய ஜவான்களைக் கொண்டுவந்து போட்டபோது, மூச்சுவிடவே சிரமப்படும் அந்த உயரத்தில், கண் மூடாமல் நின்றாள். தளபதியின் பாராட்டு கிடைத்தது. உயர்மலைப் பதக்கத்துக்கும் தகுதி இருந்தது. ஆனால் யூனிட் இடம் மாறிய குழப்பத்தில் இரண்டும் அவள் பதிவேட்டில் ஏறாமலே போய்விட்டன. இப்போது திருத்தச் சொல்லி மனுப் போட அன்றைய கமாண்டிங் அதிகாரியின் சாட்சி வேண்டும்.

திரும்பும்போது அஸ்லம் சாலையையே பார்த்து ஓட்டினான். பொய் சொன்னவள் என்று நினைக்கிறானோ… அவள்தான் ஆரம்பித்தாள். அம்மா இறந்த பிறகு அத்தா தனியாக வளர்த்தார். அவள் பட்டாளத்தில் சேரப் பிடிவாதம் பிடித்தபோது தடுக்கவில்லை. ஆனால் உறவுக்காரர்கள் என்ன பேசுவார்களோ, நாளைக்கு மாப்பிள்ளை கிடைக்குமோ என்று பயந்து, கேட்டவர்களிடமெல்லாம் குவைத் என்று சொல்லிவிட்டார். ஐந்து வருடப் பணி முடிந்து அவள் ஊர் திரும்பிய பிறகும் அதே பேச்சு.

"மெடலுக்கு ஆசைப்பட்டு இல்லீங்க," என்றாள். "வீட்லயும் நான் அங்க இல்ல, பதிவுலயும் நான் அங்க இல்ல. அப்போ அந்தப் பசங்க கையைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தது யாரு?"

அஸ்லம் வண்டியை ஓரமாக நிறுத்தினான். கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மனு எப்பப் போடணும் கேப்டன்?"

அந்த 'கேப்டன்' அவள் காதுக்குள் ரொம்ப நேரம் இருந்தது.

மனு விழுப்புரம் முன்னாள் படைவீரர் அலுவலகம் வழியாகப் போனது. இரண்டு தடவை அவன் வண்டியிலேயே போய் வந்தார்கள். ஒரு தடவை டீ குடித்தார்கள். அவள் கப்பைப் பிடித்திருந்த விதத்தை அவன் பார்த்ததையும், அவன் பார்ப்பதை அவள் கவனித்ததையும் இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை…

கார்த்திகை முடிவதற்குள் அஸ்லமின் அம்மா கரீமா பெண் கேட்டு வந்துவிட்டார்.

ஆஸிஃபா உள்ளறையில் நின்றிருந்தாள். கூடத்தில் அத்தாவின் குரல் கேட்டது. பெண் குவைத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தவள், அங்கே நல்ல பெயர் என்று சொல்லிக்கொண்டே போனார். கரீமா சந்தோஷமாக, நீயும் அங்கேதானே இருந்தாய், எந்த ஆஸ்பத்திரி என்று மகனைப் பார்த்துக் கேட்டார். அஸ்லம் தலையைக் குனிந்துகொண்டான்.

சொல்லேன்… என்று அவள் மனசு துடித்தது. உனக்குத்தான் தெரியுமே…

அவன் சொல்லவில்லை. அவளே ஷர்பத் தட்டோடு வெளியே வந்தாள். தட்டை வைத்தாள். நிமிர்ந்து நின்று, தான் குவைத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்றும், இருந்தது பட்டாளத்தில் என்றும் சொன்னாள்.

கரீமா சத்தம் போடவில்லை. "பட்டாளம் ஒண்ணும் குத்தமில்ல பாய். ஆனா எங்ககிட்ட பொய் சொல்லிட்டீங்களே," என்று மட்டும் சொல்லி எழுந்துகொண்டார். அஸ்லம் அம்மாவின் பின்னால் போனான். வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவன் போனில் கூப்பிட்டபோதெல்லாம் அவள் எடுக்கவில்லை. வாய் திறக்க வேண்டிய இடத்தில் திறக்காதவனிடம் என்ன பேச்சு? அத்தாவும் அவளிடம் பேசவில்லை. அவர் தட்டில் சோறு வைப்பாள். அவர் சாப்பிட்டுக் கடைக்குப் போவார்.

மாசி மாதம் ஒரு முற்பகல் பதிவுத் தபால் வந்தது. கடைக்கு. அத்தாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். அவள் சோறு கொண்டுபோனபோது உறை பிரிந்து கிடந்தது. திருத்திய பதிவின் நகல், அதில் லடாக்கும் பாராட்டும் பதக்கமும் வரிவரியாக. கூடவே சின்ன டப்பாவில் பதக்கம். பருப்பு மூட்டை இறக்க வந்தவரும் பக்கத்துத் துணிக்கடைக்காரரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தா அவர்களிடம் ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கேப்டன் ஆஸிஃபா பஷீர் அஹமது.

அவளைக் கண்டதும் நிறுத்தினார். மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"அங்க ரொம்பக் குளிராம்மா?"

ஐந்து வருடத்தில் அவர் ஒருதரம்கூடக் கேட்டதில்லை. ஆஸிஃபா மிளகாய் மூட்டையின் மேல் உட்கார்ந்து அழுதாள். அத்தா அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அன்று மதியமே கடையைச் சாத்திவிட்டு எங்கேயோ கிளம்பினார். எங்கே என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை அவள் உப்பளத்துக்குப் போனாள். கோபத்தைச் சொல்லித் தீர்க்கத்தான் போகிறேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். வெயிலில் பாத்திகள் மின்னின. அந்த வருடத்தின் முதல் உப்பை ஆட்கள் வரப்பில் வாரிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். அஸ்லம் முழங்கால் வரை சேற்றோடு வந்து எதிரே நின்றான்.

"நேத்து உங்க அத்தா வீட்டுக்கு வந்தாருங்க," என்றான். "அம்மாகிட்ட மெடலைக் காட்டினாரு. மன்னிப்பு கேட்டாரு. அம்மா அதைக் கையில வாங்கி வச்சிக்கிட்டு அழுதுட்டாங்க. தேதி குறிக்கலாம்னு சொல்லிட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். அன்னிக்கு ஏன் வாயே திறக்கல?"

அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "நான் சொல்லியிருந்தா உங்க அத்தாவை அவர் வீட்லயே வச்சு அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும். பொய்னு தெரிஞ்சும் ஆமான்னு சொல்லவும் வரல. அது நீங்க சொல்ல வேண்டியதுங்க. சொல்வீங்கன்னு நெனச்சேன். சொல்லிட்டீங்க."

இவ்வளவு நாள் போட்டு உருட்டிய கோபத்தை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. காற்று துப்பட்டாவை இழுத்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு பாத்தியைப் பார்த்தாள்.

"இன்னொண்ணும் சொல்லணும்," என்றான். "பட்டாளத்துக்காரங்ககிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னுதான்…"

"நேரா நின்னு சொல்லுங்க."

அவன் நிஜமாகவே நேராக நின்றான். சேற்றுக் கால்களை ஒன்று சேர்த்து, கைகளைப் பக்கத்தில் வைத்து… ஆனால் பார்வை மட்டும் அவள் கண்களை விட்டு அசையவில்லை.

"உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு ஆஸிஃபா. வீட்ல பேசி முடிச்சதுக்காக இல்ல. நீங்க வேணாம்னு சொன்னாலும் பிடிச்சிருக்கும்."

உப்பு வாருகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவளுக்குக் கன்னம் சூடேறியது. ஓடிவிடலாம் போல் இருந்தது, ஓடவும் மனமில்லை…

"எனக்கும்தான்," என்றாள் மெதுவாக. "எப்பவோ…"

"எப்ப?"

"அதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம்."

சொல்லிவிட்டு வரப்பில் அவள் நடக்க ஆரம்பித்தாள். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் ஈரக் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பாமலே நடையை மெதுவாக்கினாள், அவன் பக்கத்தில் வந்து சேரட்டும் என்று.